அசிசியில் நான் நடக்காத தெருக்கள்

தொண்ணூறுகளின் நடுவில் என் கணவர் சூலூரில் விசைத்தறிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார். இத்தாலியின் மிலான் நகரத்தில் நடந்த நெசவு இயந்திரக் கண்காட்சிக்குக் கோயமுத்தூரிலிருந்து ஒரு குழு கிளம்பியபோது என்னையும் அழைத்துக்கொண்டார். அதற்குமுன் எனக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "விசேஷம் ஏதாச்சும் உண்டுங்களா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள்.

"அந்தக் கேள்வி கேக்காத ஊருக்குக் கொஞ்ச நாள் போயிட்டு வரலாம் வா, அம்மணி" என்றார்.

கண்காட்சி முடிந்ததும் மற்றவர்கள் வெனிஸ் பார்க்கப் போனார்கள். நான் அசிசி என்றேன். நான் படித்தது கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடம். பறவைகளோடு பேசும் துறவி ஒருவரின் படம் எங்கள் வகுப்பில் மாட்டியிருக்கும். அவருடைய ஊர் அது. சாமி விஷயத்தில் பெரிதாக அக்கறை இல்லாத என் கணவர் எனக்காகச் சரி என்றார்.

ரயிலில்தான் சொன்னேன். "ஏனுங்க, நாள் தள்ளிப்போயிருக்குதுங்க. அலைச்சல்னு நெனச்சேன். அப்படித் தெரியலீங்க."

அதற்குப்பின் அவர் தண்ணீர் பாட்டிலைக்கூட என்னைத் தூக்க விடவில்லை.

மலைமேல் இருக்கும் ஊர் அது. பேருந்திலிருந்து இறங்கி நேராக அந்தத் துறவியின் கோயிலுக்குப் போனோம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கோயில்கள்; கீழ்க்கோயிலின் தாழ்ந்த கூரையில் நீல வண்ணமும் பொன் நட்சத்திரங்களும் இருந்தன. அண்ணாந்து பார்த்தபடி நின்றபோது இடுப்பில் அந்த வலி வந்தது. பழகிய வலி. அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும், வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து சேலையைக் கால்களோடு இறுக்கிக்கொண்டேன்.

"ரத்தம் படுதுங்க" என்றேன்.

அவருக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷும் மறந்துபோனது. அத்தனை அமைதியான கோயிலில் தமிழிலேயே கத்தினார். "ஏனுங்க, யாராச்சும் வாங்க! எம்பட சம்சாரத்துக்கு முடியலீங்க!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தூணருகே முழங்காலிட்டிருந்த ஒரு கன்னியாஸ்திரி எழுந்து ஓடிவந்தார். நம் நிறம், நம் முகம்.

"எந்தா மோளே? எவிடயா ஊரு?"

"கோயமுத்தூருங்க."

"எண்ட வீடு பாலக்காடு. பேடிக்கண்டா, பயப்படாதே, நான் நர்ஸாணு."

கேரள எல்லையான வாளையாற்றுக்கு இந்தப் பக்கம் மதுக்கரையில் பிறந்தவள் நான். அந்தப் பேச்சு காதில் விழுந்ததும், அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை பொங்கிவிட்டது. அந்தச் சிஸ்டர் டாக்ஸி பிடித்து எங்களை ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் என் கையை விடவில்லை.

டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துக்கொண்டே இத்தாலிய மொழியில் ஏதோ வேகமாகச் சொன்னார். சிஸ்டர் திரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் கூரையைப் பார்த்தேன். முன்பு இரண்டு முறையும் இப்படித்தான், யாரோ யாரிடமோ சொல்ல, நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

சிஸ்டர் என் முகத்தைத் திரைப்பக்கம் திருப்பினார். கருப்பில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி மினுக்மினுக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"துடிக்குது மோளே. நல்லாத் துடிக்குது."

என் கணவர் திரைக்குப் பக்கத்தில் வந்து, குனிந்து அந்தப் புள்ளியைப் பார்த்தார்.

ரத்தம் நிற்கும்வரை எழுந்து நடக்கக்கூடாது என்றார் டாக்டரம்மா. சிஸ்டர்களின் விருந்தினர் விடுதியில் ஓர் அறை கிடைத்தது. பாலக்காட்டுச் சிஸ்டர் கஞ்சி வைத்துத் தயிரோடு கொண்டுவந்தார். பல நாள் ரொட்டிக்குப்பிறகு அந்தக் கஞ்சி வயிற்றில் இறங்கியபோது எனக்குத் தூக்கம் வந்தது. அப்படித் தூங்கி எத்தனையோ காலமாகியிருந்தது.

நான் படுத்திருக்க, ஊரைச் சுற்றிப்பார்க்க அவரை அனுப்பினேன். திரும்பிவந்து கட்டிலோரம் உட்கார்ந்து சொல்வார்.

"தெருவே படியாட்ட ஏறுது, அம்மணி. மருதமலைப் படிக்கட்டுல ரெண்டு பக்கமும் ஊடு கட்டின மாதிரி. கல்லெல்லாம் லேசா ரோஸ் கலரு. ஜன்னலுக்கு ஜன்னல் பூத்தொட்டி."

"கோயிலுக்குள்ள போனீங்களா?"

"போனேன். எப்படிக் கும்புடறதுன்னு தெரியல. பக்கத்துல ஒரு அம்மா மண்டி போட்டாங்க, நானும் போட்டுட்டேன்."

சிரித்தேன். அவரும் சிரித்தார். வயிறு குலுங்கக்கூடாது என்று என்னை அதட்டிவிட்டு மறுபடியும் சிரித்தார்.

ரத்தம் நின்றபிறகு மாமியாருக்குப் போன் செய்தோம். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அவர், "இப்ப நல்லா இருக்கியா கண்ணு? எனக்கு அது போதும். அவசரப்படாம வாங்க" என்றார்.

இரண்டாவது ஸ்கேனிலும் துடிப்பு இருந்தது. டாக்டரம்மா கிளம்பலாம் என்றார். சிஸ்டர் ரயிலடிவரை வந்து, என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தார். ரயில் நகர்ந்தபிறகுதான் ஊரை முழுதாகப் பார்த்தேன். ஒலிவமரங்களுக்கு மேலே, மலைச்சரிவில் நீளமாகக் கிடந்தது.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கிய வைகாசியில் மகள் பிறந்தாள். அவள் குரல் பிரசவ அறைக்கு வெளியேயும் கேட்டதாம். அன்றைக்கு என் கணவர் தறியெல்லாம் நிறுத்தச் சொல்லி, எல்லோருக்கும் சம்பளத்தோடு லீவு கொடுத்துவிட்டார்.