அறுபத்து மூன்று வேகனின் பின்பக்கம்

மெர்வின் டைக்ஸ்ட்ராவுக்குப் பொம்மைக் கார் சேர்க்கிற ஆட்களைக் கண்டாலே ஆகாது. பதினெட்டு வருஷம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது அதே பொம்மைக் கார்தான், அது வேறு விஷயம். தொழிற்சாலைக்காரன் செய்தான், பொடியன்கள் வாங்கிப் பெட்டிக்குள் இருக்கிற துண்டுகளைப் பசை வைத்து ஒட்டினான்கள், ஆசை தீர ஓட்டினான்கள், கடைசியில் பட்டாசு வைத்து வெடித்தான்கள். கதை அதோடு முடிந்தது. அதுதான் முறை. தலை நரைத்த தடியன்கள் அந்தப் பெட்டியை மோந்து பார்ப்பதும், மூலை மடங்கியிருந்தால் முகம் சுளிப்பதும், உள்ளே இருப்பதைத் தொடாமலே செத்துப்போவதும் எந்த ஊர் முறை என்று அவருக்குப் புரிந்ததே இல்லை.

பத்தொன்பது வயதில் ஹார்ட்விக் பொம்மைக் கார்க் கம்பெனியின் மோல்டு பட்டறையில், வார்ப்பு அச்சு வெட்டுகிற வேலைக்குச் சேர்ந்தார். டெட்ராய்ட்டில் புதுக் கார் கடைக்கு வருகிற அன்றைக்கே அதன் பொம்மையும் கடைக்கு வந்தாக வேண்டும். கார்க் கம்பெனிக்காரன் படத்தைக் கடைசி நேரத்தில்தான் கொடுப்பான். ராத்திரி பகல் பார்க்காமல் எஃகை வெட்டி, உரசி, மெருகேற்றுவார்கள். உருக்கிய பிளாஸ்டிக்கை உள்ளே அழுத்தினால் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கார் வரும். வருஷம் முடிந்ததும் அதே மோல்டை மறுபடி மேஜைமேல் ஏற்றுவார்கள். புது வருஷத்துக் காருக்கு முன்பக்கம் வேறு, பின் லைட்டு வேறு. பழைய இடத்தை வெல்டு வைத்து அடைத்து, புதுசாக வெட்டுவார்கள்.

இந்தச் சேகரிப்பு ஆட்கள் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்கிற ஒரே கேள்வி, அந்தக் காலத்து மோல்டெல்லாம் எங்கே போனது என்பதுதான். பதில் ரொம்பச் சப்பையானது. எங்கேயும் போகவில்லை. அறுபத்தொன்றாம் வருஷக் காரை வெட்டி அறுபத்திரண்டு செய்தோம், அதை வெட்டி அறுபத்து மூன்று செய்தோம், கடைசியில் சக்கர வளைவை அகலமாக்கி பந்தயக் கார் என்று பெயர் வைத்து விற்றோம். பழைய காரை எவனும் திருடவில்லை, அதற்குமேலேயே புதுசை வெட்டினோம், அவ்வளவுதான். ஆனால் இதைச் சொன்னால் இவர்கள் முகம் வாடிப்போகும். இவர்களுக்கு மோல்டு தீயில் வேக வேண்டும், இல்லை வெள்ளத்தில் போக வேண்டும். ஒரு சாவு வேண்டும், அதற்கு அழ வேண்டும்.

இந்த ஒப்பாரிக்குத் தலைவர் டாக்டர் லைல் ஹாவர்காம்ப். நாற்பது வருஷம் மன்றோ ஊரில் பல் பிடுங்கியவர். மோல்டு பட்டறையின் வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆனால் எந்தக் காரின் எந்தக் கைப்பிடி எந்த மாதத்தில் மாறியது என்று சேகரிப்புச் சங்கப் பத்திரிகையில் மாதாமாதம் எழுதுவார். அறுபத்து மூன்றாம் வருஷத்து வேகனுக்கு, பின்னால் சாமான் ஏற்றக் கதவுள்ள அந்த நீளக் குடும்பக் காருக்கு, அவர்தான் அத்தாரிட்டி. அதன் மோல்டு இல்லினாய்க்குப் போகிற வழியில் சரக்கு ரயில் கவிழ்ந்து ஆற்றோடு போய்விட்டது என்பது அவர் எழுதி எழுதி நிலைநாட்டிய வரலாறு. அவர் வீட்டு நிலவறையில் அந்த வேகன் பதினொன்று இருந்தது, பதினொன்றும் கண்ணாடித்தாள் பிரிக்காத பெட்டி. வருஷத்துக்கு ஒன்று விற்றாலும் ஐரோப்பா போய் வரலாம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

மார்ச் கடைசியிலும் நவம்பரிலும் கண்காட்சி மைதானத்துக் கூடத்தில் அவர்களின் சந்தை நடக்கும். அந்த மார்ச்சில் மெர்வின் அங்கே போனதற்குக் காரணம் அவர் மனைவி ஆர்லீன். சர்ச் பெண்கள் அங்கே மீன் வறுத்து விற்பார்கள், எண்ணெய்ச் சட்டி தூக்க ஆள் வேண்டும். சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கையைத் துடைக்கும்போது டாக்டர் மேடையில் ரயிலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். எதிரே நாற்காலியில் ஐம்பது பேர் எழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். இனி உலகத்தில் அந்த வேகன் வராது, என்னிடம் இருக்கிற பதினொன்றும் வெளியே இருக்கிற ஒன்றிரண்டும்தான் கடைசி என்று டாக்டர் முடித்தார்.

மெர்வினால் அடக்க முடியவில்லை. கூடத்தின் பின்னாலிருந்தே சொன்னார்:

"ரயிலும் கவுறல, மயிலும் கவுறல. மோல்டு என் பிக்கப்புல கெடக்கு."

ஐம்பது தலையும் திரும்பின. டாக்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, யார் நீங்கள் என்று கேட்டார்.

"அதை வெட்டுனவன்."

விஷயம் இவ்வளவுதான். கார்க் கம்பெனி அந்த வேகனை மறு வருஷம் நிறுத்திவிட்டது. அதனால் அந்த ஒரு மோல்டை மட்டும் எவனும் திருத்தி வெட்டவில்லை. எழுபத்தொன்பதில் ஹார்ட்விக் மூடியபோது ஃபோர்மேன், எடுத்துட்டுப் போ, இல்லன்னா காயலான் கடைக்குப் போயிடும் என்றார். மெர்வின் இரண்டு பெட்டி பீர் கொடுத்து எடுத்துக்கொண்டார். ஆசையால் ஒன்றும் இல்லை. பனிக்காலத்தில் பிக்கப் வண்டியின் பின்சக்கரம் வழுக்காமல் இருக்க ஊரே பாரத்துக்குப் பின்னால் மணல் மூட்டை போடும். மூட்டை நனையும், கிழியும். எஃகு கிழியாது. உள்முகமெல்லாம் கெட்டி கிரீஸ் தடவி, இறுக்கிப் பூட்டி, தார்ப்பாயில் சுற்றிப் போட்டார். இருபத்தைந்து பனிக்காலம் அந்த வேகன் அவரை ரோட்டில் வழுக்காமல் ஓட வைத்தது.

அன்றைக்குச் சாயங்காலமே பாதிக் கூட்டம் அவர் வீட்டு வாசலில் நின்றது. தார்ப்பாயை விலக்கியதும் ஒருவன் தொப்பியைக் கழற்றினான். எழவு வீடு இல்ல, தொப்பியப் போட்டுக்கோ என்றார் மெர்வின்.

கூட்டத்தோடு டினா ரகோவ்ஸ்கி என்ற பெண்ணும் வந்திருந்தாள். ஹார்ட்விக்கின் பேரையும் மிச்ச மோல்டுகளையும் வாங்கி வைத்திருக்கிற இல்லினாய்க் கம்பெனியின் ஆள். அவள் தொப்பி போடவும் இல்லை, கழற்றவும் இல்லை. டார்ச் அடித்து, விரலால் கிரீஸை வழித்து, மெருகு அப்படியே இருக்கிறதா என்று பார்த்தாள். மோல்டு யாருடையது என்ற வழக்கெல்லாம் வேண்டாம், முழுசாக இருந்தால் இலையுதிர் காலத்தில் வேகனைக் கடைக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றாள். ஜூன் மாதத்துக்குள் மெஷினில் ஏறாவிட்டால் அந்த வருஷப் பணம் வேறு காருக்குப் போய்விடும் என்றும் சொன்னாள்.

அந்த நிமிஷத்தில் மெர்வினுக்கு ஒரு ஆசை பிடித்தது. வேகன் மறுபடி கடையில் அடுக்கப்பட வேண்டும். எந்தப் பொடியன் வேண்டுமானாலும் வாங்கி ஒட்ட வேண்டும். பல் டாக்டரின் பதினோரு பெட்டியும் காற்றுப்போன பலூன் ஆக வேண்டும். அறுபத்திரண்டு வயதில் வேறு எதற்கும் அவர் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

எண்ணிப் பார்த்ததில் ஒரு துண்டு குறைந்தது. காரின் உடம்பு ஒரே வார்ப்பாக வர மேலே, கீழே, நாலு பக்கம் என்று ஆறு துண்டு வேண்டும். பின்பக்கத் துண்டு இல்லை. வேகனின் பின்கதவும் பின் லைட்டும் அதில்தான். அது எங்கே போயிருக்கும் என்று மெர்வினுக்குத் தெரியும். மச்சான் டெல்பர்ட்டுக்குப் போன் போட்டார்.

"டெல்பர்ட், உனக்கு ஒரு எஃகுத் துண்டு குடுத்தேனே, படகுக்கு."

"நங்கூரமா? நல்ல நங்கூரம் மச்சான் அது. வளையம் மாட்ட ஓட்டைகூட இருந்துச்சு."

"எங்க அது?"

"ஏரிக்கு அடியில. மீன் பிடிக்கப் போனப்ப பாறையில சிக்கிடுச்சு, கயித்த அறுத்துட்டேன். பதினஞ்சு வருஷம் இருக்கும். ஏன், திருப்பி வேணுமா?"

புதுசாக ஒரு துண்டு வெட்டிவிடலாம் என்றார் மெர்வின். பட்டறை இன்னும் அவர் கராஜில் இருந்தது. ஆனால் அளவெடுக்க ஒட்டாத, பெயிண்ட் அடிக்காத பழைய உடம்பு ஒன்று வேண்டும். பெயிண்ட் அடித்ததில் எழுத்தும் கோடும் மூடிப்போயிருக்கும். சுற்றி நின்றவர்களை டினா பார்த்தாள். பிரிக்காத பெட்டி யாரிடமாவது இருந்தால் இரவல் கொடுங்கள், புது வேகன் ஒரு டஜன் தருகிறோம் என்றாள்.

தொப்பி கழற்றியவன் தரையைப் பார்த்தான். அவனிடம் ஒன்று இருப்பது எல்லாருக்கும் தெரியும். அது மனைவி பேரில் இருக்கிறது என்றான். இன்னொருவன், பிரிக்காத பெட்டி என்பது வரலாறு, வரலாற்றைக் கிழிக்க முடியாது என்றான். இன்னொருவனுக்கு அவசரமாக வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. இருபது வருஷமாக வேகன் வேண்டும், வேகன் வேண்டும் என்று அழுத வாய்கள். வேகன் வருவதற்கு ஒரு கண்ணாடித்தாள்தான் குறுக்கே நின்றது, அதைக் கிழிக்க ஒரு நகம் கிடைக்கவில்லை.

டாக்டர் மட்டும் பேசினார். மறுபதிப்பு வர வேண்டும் என்று தன்னைவிட ஏங்கியவன் இல்லையாம். ஆனால் மனசாட்சி இடம் கொடுக்கவில்லையாம்.

மெர்வின் இரண்டு வாரம் பொறுத்தார். ஏப்ரலும் பாதி போய்விட்டது. ஒரு காலையில் நேராக டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டினார். டினாவிடம் பேசிவிட்டதாகவும், ஞாபகத்தில் இருந்தே வெட்டப்போவதாகவும் சொன்னார்.

"ஞாபகத்துலயா? நாப்பது வருஷம் ஆச்சே."

"கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும். லைட்டு வட்டமா, முட்டை மாதிரியான்னு சரியா நெனப்பு இல்ல. வட்டமாவே வெட்டிடுறேன்."

"முட்டை வடிவம்யா அது! ஆறு கோடு இருக்கும் உள்ளே!"

"ஆறா? நான் நாலுன்னு நெனச்சேன். சரி, பெட்டியில உங்க பேரு வரும் டாக்டர். ஆலோசனை, டாக்டர் லைல் ஹாவர்காம்ப்னு. டினாகிட்டச் சொல்லிட்டேன்."

டாக்டரின் முகம் அவருடைய நோயாளிகளின் முகம்போல ஆயிற்று. தப்பான லைட்டோடு பத்தாயிரம் வேகன், ஒவ்வொன்றிலும் தன் பெயர். எத்தனை பேரின் காரில் கைப்பிடி தப்பு என்று அவர் பத்திரிகையில் கிழித்திருக்கிறார். அத்தனை பேரும் எழுதுவான்கள். டாக்டர் நேராக நிலவறைக்கு இறங்கினார்.

சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்துப் பெட்டியை வைத்தார். பல் பிடுங்கப் பயன்படுத்திய மெல்லிய கத்தியால் கண்ணாடித்தாளை ஓரமாக அறுத்தார். மூடியைத் தூக்கினார்.

உள்ளே நாலு டயரும் வேகனின் பின்பக்கத்தில் சாய்ந்து கிடந்தன. கிடந்தன என்று சொல்லக் கூடாது, ஒட்டியிருந்தன. அந்தக் காலத்து டயர் மிருதுவான பிளாஸ்டிக். அதில் கலந்த எண்ணெய் கசிந்து, தொடுகிற கெட்டி பிளாஸ்டிக்கைத் தின்னும். ஒட்டி விளையாடுகிற எந்தப் பையனுக்கும் இது தெரியும், டயரைத் தனியாக எடுத்து வைப்பான். பெட்டியைத் திறக்காதவனுக்குத் தெரிய வழி இல்லை. நாற்பது வருஷமாக டயர் நிதானமாகச் சாப்பிட்டிருந்தது. வலது பக்க லைட்டு இருந்த இடத்தில் டயரின் வரி அச்சு பதிந்த குழி. பின்கதவில் பாதி உருகிய மெழுகு.

இடது லைட்டு முழுசாக இருந்தது. முட்டை வடிவம், உள்ளே ஆறு கோடு. மெர்வினுக்கு அது போதும். வலதை அதைப் பார்த்துத் திருப்பி வெட்டிக்கொள்ளலாம்.

"மத்த பத்தையும் தொறந்து டயரை வெளிய எடுங்க டாக்டர். மிச்சமாவது பொழைக்கும்."

"தொறந்தா அப்புறம் பிரிச்ச பெட்டிதானே?"

"ஆமா."

"பிரிச்ச பெட்டியை எவன் வாங்குவான்?"

மெர்வின் வேகனின் உடம்பைச் செய்தித்தாளில் சுற்றினார். வாசல்வரை வந்த டாக்டர், டயர் விஷயம் நமக்குள் இருக்கட்டும் என்று தணிந்த குரலில் கேட்டுக்கொண்டார். அந்த வாரமே மூன்று பெட்டியை விற்றுவிட்டார் என்று பின்னால் தெரிந்தது. பிரிக்காதது, கைபடாதது என்று விளம்பரத்தில் எழுதியிருந்தார்.

மெர்வின் ஆறு வாரம் கராஜை விட்டு வெளியே வரவில்லை. கண் பழைய கண் இல்லை, ஒரு கோட்டுக்கு மூன்று நாள் ஆயிற்று. எஃகில் எழுத்தெல்லாம் தலைகீழாக வெட்ட வேண்டும், கை அதை மறக்கவில்லை. ஜூன் முதல் வாரம் இல்லினாயில் மோல்டை மெஷினில் ஏற்றினார்கள். அப்போது மெஷினில் என்ன பிளாஸ்டிக் இருந்ததோ அதில்தான் முதல் வேகன் விழுந்தது, வாளி செய்கிற பச்சை. டினா அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். "எது பழைய லைட்டு, எது புதுசுன்னு தெரியல மிஸ்டர் டைக்ஸ்ட்ரா," என்றாள். அவர், இரண்டும் புதுசுதான் என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்டோபரில் வேகன் கடைக்கு வந்தது. டாக்டரின் மிச்சப் பெட்டிகளின் விலை ஒரே வாரத்தில் படுத்தது. மெர்வின் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது.

நவம்பர் சந்தையில் சட்டி தூக்கப் போனவர், கையைத் துடைத்துவிட்டுக் கூடத்துக்குள் ஒரு சுற்று வந்தார். மேஜைக்கு மேஜை புது வேகன் கோபுரமாக அடுக்கியிருந்தது. தொப்பிக்காரன் ஆறு வாங்கியிருந்தான். முதல் வார்ப்பு என்று பெட்டியின் ஓரத்தில் முத்திரை இருக்கிறதாம், அது பின்னால் விலை ஏறுமாம். பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று மெர்வின் கேட்டார். அவன் அவரை விநோதமாகப் பார்த்தான். டாக்டரின் மேஜையில் இருபத்து நாலு இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கண்ணாடித்தாளுக்குமேல் இன்னொரு பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார். வரிசை முழுக்க நடந்து பார்த்தார் மெர்வின். பிரித்த பெட்டி ஒன்றுகூட இல்லை.

அடுக்களைக்குத் திரும்பியதும் ஆர்லீன் மீனைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்: "உன் லைட்டைப் பத்தி என்ன சொல்றாங்க?"

"இன்னும் எவனும் பாக்கல," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த சட்டியைத் தூக்கினார்.