சரோஜா தானாகக் கொடுத்த பேட்டரி

இன்று பூந்தமல்லி பஸ்ஸில், ஆவடி குவார்ட்டர்ஸில் எதிர்வீட்டில் இருந்த சரோஜாவைப் பார்த்தேன்.

என்னைக் காட்டித் தன் மருமகளிடம் சொல்கிறாள்: "ஒரு தீபாவளிக்கு கரண்ட் பூட்ச்சு. பாவம், அக்கா தவிச்சுகினு கீதேன்னு எங்க ஊட்டு பேட்டரிய நானே கொண்டாந்து குடுத்தேன்."

நான் மறப்பேனா?

தொண்ணூறுகளில், என் மகளுக்குத் தலைதீபாவளி. விடிந்தால் மருமகன் வந்துவிடுவார். எங்கள் கரி உருண்டை அடுப்புக்கு என் வீட்டுக்காரர் சின்ன ஃபேன் வைத்திருந்தார். கரண்ட் போனால் கார் பேட்டரியில் ஓடும். ஃபேன் நின்றால் வெறும் புகைதான். அன்று பார்த்து எங்கள் பேட்டரியும் செத்துவிட்டது. முறுக்கு எண்ணெயில் பாதி வேக்காட்டில் கிடந்தது.

சரோஜா வீட்டில் பேட்டரி போட்டு டிவியில் படம் ஓடியது. தெருவே அங்கேதான்.

"அரை மணி நேரம் குடு சரோஜா" என்றேன்.

"இரு அக்கா, சண்டை வந்துகினு கீது" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எண்ணெய்ச் சட்டியை இறக்கிவிட்டு, அடுப்பைத் தூக்கிப்போய் அவள் ஜன்னலுக்குக் கீழே வைத்தேன். ஈர உருண்டையாகப் பார்த்து நாலு போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் எல்லாரும் இருமிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். பின்னாலேயே சரோஜா, இடுப்பில் பேட்டரியோடு.

அவளேதான் கொண்டுவந்து கொடுத்தாள், பொய்யில்லை. பஸ்ஸில் நானும் தலையாட்டிவிட்டேன். மருமகள் எதிரில் மானத்தை வாங்கலாமா?

அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அந்த மருமகள் உங்களில் யாருக்காவது ஃப்ரெண்டாக இருந்தால் டேக் செய்யுங்கள்.