ஒரு தெருவே இருமியது

போன வாரம் கணக்கெடுப்புக்கு என்று ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். கையில் டேப்லெட், வாயில் இருமல் மிட்டாய். அந்தக் கற்பூர நெடி மூக்கில் ஏறியதும் அவள் கேட்ட எதுவும் என் காதில் விழவில்லை. செல்வி ஞாபகம் வந்துவிட்டது.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். காசிமேட்டில் ஐஸ் உடைத்து, லாரியில் க்ளீனராகச் சுற்றி, கடைசியில் ராயபுரத்துக் கயிற்றுக்கடை மாடியில் ஓர் அலுவலகத்தில் போய் விழுந்தேன். அரசாங்கக் கணக்கெடுப்பில் வந்த பதில்களைக் கம்ப்யூட்டரில் பார்த்துத் திருத்தும் ஒப்பந்த வேலை. எட்டு வயதுப் பிள்ளைக்குப் பேரன் இருந்தால் பிடிக்க வேண்டும். என்ன வேலை என்று கேட்டவர்களிடம் 'டேட்டா க்ளீனிங்' என்றேன். அங்கேயும் க்ளீனர்தானா என்று தோஸ்துங்க சிரித்தார்கள்.

ஒருநாள் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தெரு முழுக்கத் திரையில் சிவப்பாக வந்தது. இருமல், மூச்சுத்திணறல் உண்டா என்ற கேள்விக்கு எல்லா வீட்டிலும் 'உண்டு'. இப்படி ஒரே பதில் வந்தால், கணக்கெடுக்கப் போனவர் வீடு வீடாக ஏறவில்லை என்று அர்த்தம். எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தத் தெருவுக்குப் போனவள் செல்வி. தண்டையார்பேட்டைக்காரி. கன்னத்தில் மிட்டாயை அடக்கிக்கொண்டுதான் பேசுவாள்.

டீக்கடையில் உட்கார்ந்து ரொப்பிக்கினு வந்தியா என்று சூப்பர்வைசர் கேட்டார். நீயே வந்து பாரு சார் என்றாள். அவர் என்னை அனுப்பினார். மணலி ஆலைகளின் புகைக்காற்று நேராக அடிக்கிற தெரு. கதவைத் தட்டும் முன்பே உள்ளேயிருந்து இருமல் கேட்டது. அடுத்த வீட்டிலும் அதேதான்.

வந்து சொன்னேன். அவர் நம்பினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அதில்தான். நம்பிவிட்டு, நிஜமே ஆனாலும் இதை மேலே ஏற்கமாட்டார்கள், நாலைந்து வீட்டுக்காவது 'இல்லை' போடு, வேலையில் இருக்கலாம் என்று செல்வியிடம் சொன்னார்.

செல்வி மிட்டாயைக் கையில் துப்பினாள்.

"எந்த வூட்ல இல்லன்னு போடணும், நீயே சொல்லு சார். அவங்களாண்ட போயி, இனிமே இருமாதீங்கன்னு சொல்லிட்டு வரேன்."

அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். அன்றைக்கே அந்தத் தெருவின் பதில்களை அழித்தார்கள். காலியான இடத்தில், ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருந்த புது பிளாட்டுகளின் பதில்களைக் கம்ப்யூட்டரே நிரப்பிக்கொண்டது. காலி இடத்துக்குப் பக்கத்துப் பதில் என்பது அதற்கு வைத்த விதி. கண்ணெதிரே ஒரு தெருவே குணமாகிவிட்டது.

இப்போது அந்தத் தெரு இல்லை. கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. குடித்தனங்களை எங்கெங்கோ கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். செல்வி எங்கே இருக்கிறாளோ. அந்த ஜனங்கள் அங்கே வாழ்ந்ததற்கு மிச்சம் அரசாங்கக் கணக்கு ஒன்றுதான். அதில் ஒருவர்கூட இருமவில்லை.