சீல் கிழிந்த டிவி கேம்

எங்கள் வீட்டுக்குள் வந்த எந்தச் சாமானும் அப்பாவின் ஸ்க்ரூடிரைவருக்குத் தப்பியதில்லை. கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த சுவர்க்கடிகாரத்தை மறுநாள் காலையிலேயே கழற்றிப் பாயில் பரப்பிவிட்டாராம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றை எப்படி வீட்டில் வைத்துக்கொள்வது என்று கேட்டாராம். புதுப்பெண்ணாக இருந்த அம்மா அதைக் கேட்டுக் கொஞ்சம் பயந்துதான் போயிருக்கிறாள்.

ஜீவனஹள்ளியில், மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்குத் திரும்பும் முனையில் அப்பாவுக்கு ஒரு ரிப்பேர் கடை இருந்தது. கடை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். அவர் உள்ளே உட்கார்ந்துவிட்டால் வந்தவர்கள் ரோட்டில் நின்றுதான் பேச வேண்டும். ரேடியோ, மிக்ஸி, ஃபேன், இஸ்திரிப் பெட்டி, எது வந்தாலும் பார்ப்பார். வந்தவர் கன்னடத்தில் பேசினால் கன்னடம், உருதுவில் பேசினால் உருது. சாமானைக் காதருகில் வைத்து ஒருமுறை குலுக்கிப் பார்ப்பார். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, வேறு மாதிரி மனிதர். ஒரு பெரிய ஃபேக்டரியில் ஸ்டோர்ஸில் இருந்தார். பில்லும் வாரண்டி கார்டும் இல்லாமல் ஒரு டார்ச் லைட் கூட வாங்க மாட்டார். கார்டுகளையெல்லாம் பிஸ்கட் டின் ஒன்றில் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தார். எப்போதோ பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்ட மிக்ஸியின் கார்டுகூட அதில் சுகமாக இருந்தது. ரிப்பேர் கடைகளைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. அதை அப்பா எதிரில் சொல்லிவிட்டு, உங்களைச் சொல்லலை மாப்ள என்று உடனே சேர்த்துக்கொள்வார்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த கோடை லீவில், மாமா எனக்கு ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். எங்கள் தெருவிலேயே முதல் டிவி கேம். கறுப்புப் பெட்டி, இரண்டு கைப்பிடிகள், மேலே செருகுவதற்கு ஒரு மஞ்சள் கேசட். அதில் செங்கல் கோட்டையைச் சுற்றி டாங்கிகள் சுட்டுக்கொண்டே இருக்கும். மாமா முதலில் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த வட்டமான வெள்ளைக் காகிதத்தைக் காட்டினார்.

"மாப்ள, இதுல மட்டும் கைய வெக்காதீங்க. ஒரு வருஷம் வாரண்டி. இந்த சீல் கிழிஞ்சா அவ்ளோதான், கம்பெனிக்காரன் தொடவே மாட்டான்."

அப்பா பணிவாகத் தலையாட்டினார். வாரண்டி கார்டில் மாமா என் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, கடையின் முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அம்மாவிடம் ஒப்படைத்தார். அது பீரோவில் அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

அன்றிலிருந்து அப்பா பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். நான் விளையாடும்போது அவர் டிவியைப் பார்க்கவே மாட்டார், பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். சில சமயம் அதை எடுத்துத் திருப்பி, நாலு மூலையிலும் இருந்த ஸ்க்ரூ குழிகளை விரலால் தடவுவார். அதில் ஒரு குழியின் மேல்தான் அந்த சீல் ஒட்டியிருந்தது. அம்மா அடுப்படியிலிருந்தே, "எங்க அண்ணன் சொன்னது நெனப்பிருக்கில்ல?" என்பாள். உடனே கீழே வைத்துவிடுவார். தீபாவளிப் பலகாரத்தைப் படைப்பதற்கு முன்னால் பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளையின் முகம் அப்போது அவருக்கு இருக்கும்.

ஆகஸ்ட் மாதம் ஒருநாள் டாங்கிகள் நடுங்கின. பிறகு திரை கறுத்துவிட்டது. கேசட்டை எடுத்து ஊதிப் பார்த்தேன். தெருப் பிள்ளைகள் முறைவைத்து ஊதினார்கள். அப்பா காதருகில் வைத்து ஒருமுறை குலுக்கினார்.

"கரெண்ட் வர்ற எடத்துல ஒயர் விட்டிருக்கு. அஞ்சு நிமிஷ வேலை," என்றார் அம்மாவைப் பார்த்து.

"வாரண்டி இருக்கில்ல?" என்றாள் அம்மா.

கம்பெனியின் சர்வீஸ் சென்டர் ஊரின் மறுகோடியில் இருந்தது. சிவாஜிநகரில் பஸ் மாறிப் போக வேண்டும். கார்டில் என் பெயர் இருந்ததால் நானும் நேரில் போக வேண்டும் என்று மாமா சொல்லிவிட்டார். ஊருக்கெல்லாம் ரிப்பேர் செய்கிற அப்பா, இஸ்திரி போட்ட சட்டையில், மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, டோக்கன் நம்பருக்காகக் காத்திருந்தார். கவுண்ட்டரில் இருந்த பெண்ணிடம், கரெண்ட் நுழைகிற இடத்தில் பற்றவைப்பு விட்டிருக்கும், அதை மட்டும் பாருங்கள் என்று கன்னடத்தில் விளக்கமாகச் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஃபாரத்தில் 'நாட் வொர்க்கிங்' என்று மட்டும் எழுதினாள்.

இரண்டு வாரம் வைத்திருந்து, 'டெஸ்டட் ஓகே' என்ற சீட்டோடு திருப்பித் தந்தார்கள். வீட்டில் இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் மறுபடியும் கறுத்துவிட்டது. கம்பெனிக்காரனே பார்த்தது எப்படிக் கெடும் என்று மாமாவுக்கு ஒரே ஆச்சரியம். அப்பா ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். தசரா லீவில் மறுபடி எடுத்துப்போவது என்று முடிவாயிற்று.

அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அதுதான் பெரிய பண்டிகை. அப்பாவின் கடையைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, கட்டிங் பிளேயரிலிருந்து சால்டரிங் அயர்ன் வரை வரிசையாக அடுக்கி வைப்போம். ரோட்டில் பூசணிக்காய் உடைப்பார்கள். பிறகு வீட்டுச் சாமான்களின் முறை. சந்தனக் கிண்ணத்தோடும் குங்குமத்தோடும் ஓடி ஓடிப் பொட்டு வைப்பது என் வேலை. சைக்கிள், மிக்ஸி, டிவி, தண்ணீர் மோட்டார் எல்லாம் ஆயிற்று. டிவி கேம்தான் ஓடவில்லையே, அதற்கும் வைக்கணுமா என்று கேட்டேன்.

"ஓடாததுக்குத்தான் மொதல்ல வெக்கணும்," என்றாள் அம்மா.

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அந்த வழவழப்பான கறுப்புப் பெட்டியில் சந்தனம் நிற்கவே இல்லை. வைக்க வைக்க வழிந்தது. திருப்பிப் பார்த்தேன். அடியில் வட்டமாக, வெள்ளையாக, பொட்டு வைப்பதற்கென்றே ஒட்டினதுபோல ஒரு காகிதம். அதில் தாராளமாகச் சந்தனம் குழைத்துப் பூசி, நடுவில் குங்குமம் வைத்தேன். அந்த வருஷம் நான் வைத்ததிலேயே அதுதான் அழகான பொட்டு.

நான்கு நாள் கழித்து, சர்வீஸ் சென்டருக்குப் போவதற்கு முந்தின நாள், கம்பெனிக்காரர்கள் முன்னால் இப்படி மஞ்சளும் சிவப்புமாகக் கொண்டுபோனால் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஈரத் துணியால் நன்றாகத் தேய்த்தேன். சந்தனம் போயிற்று. கூடவே சீலில் பாதி திரிதிரியாகச் சுருண்டு வந்துவிட்டது.

வீட்டில் யாரும் இல்லை. சுருண்டதைப் பிரித்து நீவி, பானையிலிருந்து நாலு சோற்றுப் பருக்கையை எடுத்து நசுக்கி ஒட்டினேன். பள்ளிக்கூட நோட்டுக்கு லேபிள் ஒட்டுவது அப்படித்தான், ஒரு வருஷம் தாங்கும். வாரண்டியும் ஒரு வருஷம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் கவுண்ட்டரில் அந்தப் பெண் இல்லை. கண்ணாடி போட்ட ஒருவர் இருந்தார். கார்டைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், பிறகு பெட்டியைத் திருப்பினார். பழுப்பேறிய சீலின் மேல் அவர் விரல் நின்றது. நகத்தால் எதையோ சுரண்டி எடுத்து மேஜைமேல் வைத்தார். காய்ந்துபோன ஒரு சோற்றுப் பருக்கை.

"யாரு இதை ஓபன் பண்ணது?" நாங்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்திருந்ததால் தமிழிலேயே கேட்டார்.

கார்டில் இருப்பது என் பெயர், எனவே போலீஸ் வந்தால் என்னைத்தான் பிடிப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டேன். அப்பா அந்தப் பருக்கையைப் பார்த்தார். சீலின் ஓரத்தில் இன்னும் ஒட்டியிருந்த சந்தனத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை துடைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

"நான்தான் சார். கை சும்மா இருக்கல, தொறந்துட்டேன்."

கண்ணாடிக்காரர் கார்டின் குறுக்கே கோடு போட்டு, வருத்தத்தோடுதான் திருப்பிக் கொடுத்தார். என் உயிர் திரும்பி வந்தது. அதோடு எனக்கு ஒரு விஷயமும் புரிந்ததாக நினைத்துக்கொண்டேன். எங்களுக்குத் தெரியாமல் அப்பா நிஜமாகவே திறந்து பார்த்திருக்கிறார்! காகிதத்தைக் கிழித்தது நான், பெட்டியைத் திறந்தது அவர். அப்படிப் பார்த்தால் என் குற்றம் சின்னது, அதுவும் வெறும் காகிதக் குற்றம். சிவாஜிநகர் வரும்வரை இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டு நிம்மதியானேன். பஸ் மாறும்போது அப்பா எனக்கு வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கித் தந்தார். அவர் சீட்டியடித்துக்கொண்டு வந்தது மட்டும் ஏனென்று விளங்கவில்லை.

வீட்டில் அம்மா இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். வாரண்டி கார்டில் விழுந்த கோட்டைப் பார்த்ததும் அவர் முகம் எழவு வீட்டுக்கு வந்தவர் முகம்போல ஆகிவிட்டது.

"அவ்ளோ சொன்னேனே மாப்ள! கொழந்த ஆசையா வெச்சிருந்த சாமான். ஒரு வருஷம் கைய அடக்க முடியாதா உங்களால?"

அம்மா அண்ணன் பக்கம் நின்று தலையாட்டினாள். அப்பா சிரித்தபடி தலையைக் குனிந்துகொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் தப்பு செய்தவர் கொஞ்சம் திட்டு வாங்கத்தானே வேண்டும் என்று நானும் சும்மா இருந்தேன். இப்போது எழுதும்போதுகூட அதற்கு வெட்கமாக இருக்கிறது.

திட்டு முடிந்ததும் அப்பா பேப்பரை விரித்து, பெட்டியைக் கவிழ்த்து வைத்தார். இனிமேல் திறக்கலாமில்லையா மச்சான் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார். மாமா டீ கிளாஸோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, வெறுப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். சீலின் மிச்சத்தை அப்பா உரித்துப் போட்டார். என்னை டார்ச் அடிக்கச் சொன்னார். குழிக்குள் வெளிச்சம் விழுந்ததும் நான் கத்தினேன்.

"அப்பா, உள்ள குங்குமம் வெச்சிருக்காங்க!"

ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலும் சிவப்பாக, நகப்பூச்சு வைத்ததுபோல ஒரு பொட்டு. டார்ச்சை மூலை மூலையாகக் காட்டி, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று எல்லோருக்கும் கேட்கும்படி எண்ணினேன். நான் வைத்த பொட்டு கலைந்துவிட்டது, இவை எப்படிக் கலையாமல் முழுசாக இருக்கின்றன என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. கம்பெனிக்காரங்களும் பூஜை பண்ணுவாங்களாப்பா என்று கேட்டேன்.

"ஆமாமா, அவங்களுக்கும் ஆயுத பூஜை உண்டு பாப்பா," என்று சொல்லி, மாமாவை ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்து, ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தித் திருப்பினார். டக்கென்று ஒரு சத்தம். சிவப்புத் தூள் பேப்பரில் உதிர்ந்தது. நாலையும் மளமளவென்று திருப்பிவிட்டு, அந்தத் தூளை ஊதித் தள்ளினார். உள்ளே, அவர் ஆகஸ்டிலேயே சொன்ன இடத்தில், ஒரு சிவப்பு ஒயர் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. டாங்கிகள் நான் பத்தாவது போகும்வரை ஓடின.

கம்பெனியிலும் ஆயுத பூஜை உண்டு என்று நான் பள்ளிக்கூடத்தில் பல பேரிடம் அடித்துச் சொல்லியிருக்கிறேன்.

போன வருஷம் வைட்ஃபீல்டில் நான் குடியிருக்கும் வீட்டில் வாஷிங் மெஷின் நின்றுவிட்டது. வாரண்டியில் பார்க்க வந்தவர் பின்பக்கம் டார்ச் அடித்துவிட்டு, "யாரும் தொறக்கல மேடம், பெயிண்ட் ஒடையாம இருக்கு. ஃப்ரீயாவே பண்ணிடலாம்," என்றார். எட்டிப் பார்த்தேன். ஸ்க்ரூக்களின் தலையில் அதே சிவப்புப் பொட்டு. ஸ்க்ரூவை முடுக்கினபிறகு ஃபேக்டரியில் வைப்பது, யார் ஒருமுறை திருப்பினாலும் உடைந்துவிடும் என்று அவர் விளக்கினார். நான் துணிக்கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்படியானால் இரண்டு வாரம் வைத்திருந்த கம்பெனிக்காரர்களும் அதைத் திறக்கவில்லை. அப்பாவும் திறக்கவில்லை. அத்தனை மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். அந்தப் பொட்டுக்கு என்ன அர்த்தம் என்று ரிப்பேர்காரரான அப்பாவுக்குத் தெரியாமலா இருக்கும்? அன்று கவுண்ட்டரில் குழிக்குள் டார்ச் அடித்துக் காட்டியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். அப்புறம், சீலை யார் கிழித்தது என்ற கேள்வி வந்திருக்கும். அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றவளைத்தான் அது தேடி வந்திருக்கும்.

அவர் திறக்கவேயில்லை என்பதற்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரூக்களின் தலையில் சிவப்பாக நாலு சாட்சிகள் இருந்தன. மாமாவும் அம்மாவும் கேட்க, அவற்றை உரக்க எண்ணிச் சொன்னவள் நான். மாமாவுக்கு விளங்குவதற்குள் நாலையும் அவசர அவசரமாக உடைத்து ஊதித் தள்ளியவர் அவர்.