ஆல்ப்ஸ் மலையில் நான் பார்த்துக் கொடுத்த வீடு

1. மேற்குப் பக்கத்து ரூம்

சிமெண்ட் ஃபேக்டரி கெஸ்ட் ஹவுஸில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஓர் இன்ஜினியரிடம் திட்டு வாங்கினேன். அரியலூர் ரெட்டிபாளையத்துப் பக்கம் பங்குனி மாதம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு விஷயம் புரியும். மேனேஜர் சார் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்து, "மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தர் வராரும்மா, நல்ல ரூமா பாத்துக் குடு" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குள் போய்விட்டார். எனக்கு நல்ல ரூம் என்றால் பெரிய ரூம். மேற்குக் கோடியில் பெரிதாக ஒன்று இருந்தது. பெட்ஷீட் மாற்றி, தலையணைக்கு உறை போட்டு, குடிக்கத் தண்ணீர் வைத்து அதைத்தான் திறந்து கொடுத்தேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனவர், கொஞ்ச நேரத்தில் சட்டையெல்லாம் நனைந்து வெளியே வந்தார்.

"ஏம்மா, இது ரூமா, இல்ல ஒங்க ஃபேக்டரி சூளையா? செவுத்துல தோச சுடலாம் போலருக்கு!"

மேனேஜர் ஓடி வந்து அவரைக் கிழக்குப் பக்கத்து ரூமுக்கு மாற்றினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அஞ்சல, மேக்கால ரூமு ஆளு தங்கறதுக்கில்ல. கூட்டித் தொடச்சிப் பூட்டி வை."

"எனக்கு எப்படி சார் தெரியும்? காலையில போயிப் பாத்தேன், குளுகுளுன்னுதான் இருந்திச்சி."

"காலையில எல்லா ரூமும் பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள மாதிரிதான் இருக்கும். மத்தியானத்துக்கு மேலதான் கொணம் தெரியும்."

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த ரூமையும் ஆளுக்குக் கொடுப்பதற்கு முன்னால், உச்சி வெயிலில் உள்ளே போய், ஃபேனைப் போடாமல், கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். சுவர் சுடுகிறதா, எந்த ஜன்னல் வழியாகத் தூசி வருகிறது, சுண்ணாம்புக்கல் குவாரியில் வெடி வைக்கும்போது கண்ணாடி எவ்வளவு அதிர்கிறது, எல்லாம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். கூட வேலை செய்த பெண்கள், "அஞ்சல அக்கா தவம் பண்ணுது, வரம் வாங்கிட்டுத்தான் வரும்" என்று கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். ஷட்டவுன் நேரத்தில், அதாவது சூளையை நிறுத்திப் பழுது பார்க்கும் நாட்களில், ஊர் ஊராக இருந்து இன்ஜினியர்கள் வந்து குவிவார்கள். யாருக்கு எந்த ரூம் என்று மேனேஜர் என்னைத்தான் கேட்பார். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் ரூம் பார்க்கிறதில் என் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது.

வெயில் படாத ரூம்தான் நல்ல ரூம். இந்த ஒன்றை வைத்துக்கொண்டே ரிட்டயர் ஆகும் வரைக்கும் ஓட்டினேன். வீட்டுக்காரர் போன பிறகு என் மகனைப் படிக்க வைத்ததும் அந்த வேலைதான்.

2. எத்தனை பேர், அத்தனை தலையணை

இப்போது அரியலூர் டவுனில் தனியாக இருக்கிறேன். மகன் செந்தில் ஜெர்மனியில் இருக்கிறான். மருமகள் கவிதா பெரம்பலூர்ப் பெண், அவளுக்கும் அங்கே ஆபீஸ் வேலை. பேத்தி மித்ரா, பேரன் அகிலன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும்.

"சாப்ட்டியாம்மா? மாத்திர போட்டியா? எல்லாம் நல்லாருக்கா?"

"நல்லாருக்குடா. அங்க?"

"இங்கயும் நல்லாருக்கும்மா."

அதோடு பேச்சு தீர்ந்துவிடும். பிள்ளைகள் ஒரு தடவை முகத்தைக் காட்டிவிட்டு ஓடிவிடுவார்கள். கவிதா பின்னால் சமையல்கட்டிலிருந்து கையை ஆட்டுவாள். போனை வைத்த பிறகு வீட்டில் ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும் கேட்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செந்தில் வழக்கத்தை மீறிப் பேசினான். "அம்மா, பசங்களுக்கு ஈஸ்டர் லீவு வருது. ஆல்ப்ஸ் மலைக்குப் போறோம். கால்ல பலகை கட்டிக்கிட்டுப் பனியில சறுக்குவாங்கள்ல, அது கத்துக்கணும்னு ஒரே அடம். அங்க ஒரே ஊர்ல தங்கறதுக்கு மூணு எடம் பாத்து வச்சிருக்கோம், எதுன்னு முடிவு பண்ண முடியல. நீதான் ரூமு பாக்கறதுல கைதேர்ந்த ஆளாச்சே. பாத்துச் சொல்லும்மா."

அவன் என்னிடம் ஒரு காரியம் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நான் கேட்காமலே சொல்வேன், அவன் சரி சரி என்பான், அவ்வளவுதான். இதைச் சரியாகச் செய்துவிட்டால் அடுத்த காரியத்துக்கும் கேட்பான், அதற்கடுத்ததற்கும் கேட்பான், அந்தக் குடும்பத்துக்குள் நானும் ஒரு ஆளாக இருப்பேன் என்று மனசு அடித்துக்கொண்டது.

போட்டோக்கள் போனில் வந்து விழுந்தன. முதலில் கட்டிலைத்தான் எண்ணினேன், தொழில் பழக்கம். மூன்று இடத்திலும் நாலு பேர் படுக்கத்தான் கட்டில் இருந்தது. திரும்பவும் எண்ணினேன். சோபாவை விரித்தால் கட்டிலாகும் வகை ஒன்றாவது இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். இல்லை. அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. கெஸ்ட் ஹவுஸில் மேனேஜர் நாலு பேர் என்றால் நாலு தலையணைதான் வைப்போம். ஐந்தாவது எங்கே என்று கேட்பது நம் வேலை இல்லை.

3. கண்ணாடி வீடு வேண்டாம்

மறுநாள் செந்திலும் கவிதாவும் சேர்ந்து வீடியோவில் வந்தார்கள். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தேன்.

முதல் இடம் ஹோட்டல். கயிற்றில் தொங்குகிற வண்டி அதன் வாசலிலிருந்தே மலைக்கு மேலே போகிறது, சாப்பாடும் அவர்களே போடுகிறார்கள். ஆனால் ரெண்டு ரூமும் வேறு வேறு மாடியில்.

"புள்ளைங்கள ஒரு மாடியில உட்டுட்டு நீங்க ஒரு மாடியில படுப்பீங்களா? ராத்திரி அகிலன் அழுதா யாரு எறங்கி ஓடறது? வேணாம்" என்றேன். ரெண்டு பேரும் சரி என்றார்கள்.

இரண்டாவது, மலைச்சரிவில் ஒரு மர வீடு. முன்பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி.

"அத்த, இது அழகா இருக்குல்ல?" என்றாள் கவிதா. "ஒக்காந்த எடத்துலேர்ந்தே மலையெல்லாம் தெரியுது."

"எந்தத் தெச பாத்திருக்கு?"

செந்தில் பார்த்துவிட்டு, "தெக்க பாத்ததும்மா. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் வெயில்னு போட்டிருக்கான்" என்றான்.

"அதப் பெருமையா வேற போட்டிருக்கானா? பகல் பூரா கண்ணாடியில வெயில் அடிச்சா உள்ள மனுசன் இருக்க முடியுமா? வெந்து போயிடுவீங்க."

"அங்க குளிருமே அத்த..."

"குளுருக்குத்தான் உள்ள ஹீட்டரு இருக்குங்கிறீங்களே. வெயிலுக்கு என்ன இருக்கு?"

கவிதா சிரித்துக்கொண்டே செந்திலைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்காமல், "மூணாவதச் சொல்லும்மா" என்றான்.

மூன்றாவது, மலை அடிவாரத்தில் கனத்த கல் சுவர் வீடு. சின்னச் சின்ன ஜன்னல், நாலு பக்கமும் மரம், தாழ்வாரம் இறங்கிய கூரை. ஈர ஷூவும் கோட்டும் கழற்றி வைக்க வாசலிலேயே தனியாக ஓர் அறை. பிள்ளைகளுக்குச் சறுக்கச் சொல்லிக் கொடுக்கும் இடம் நடக்கிற தூரம். அந்தக் கனமான ஷூவை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் வெகுதூரம் நடக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

"வெயில் வருமா இதுல?"

"பின்னாடியே பெரிய மல இருக்கும்மா. அவ்வளவா வராது போலருக்கு."

"அப்ப இதுதான் வூடு. கண்ண மூடிக்கிட்டு எடு."

அவன் எடுத்துவிட்டான். கவிதா எதுவும் சொல்லவில்லை. மருமகள் மாமியாரை எதிர்த்துப் பேசவில்லை என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். பக்கத்து வீட்டு மேரியிடம், "ஆல்ப்ஸ் மலைக்கே நான்தான் ரூமு பாத்துக் குடுத்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டேன்.

"நீ போகலியாக்கா?" என்று கேட்டாள்.

"ரூமு பாத்துக் குடுத்தவங்க எல்லாம் தங்கவா போவாங்க?" என்றேன்.

4. எல்லாம் நல்லாருக்கும்மா

போய்ச் சேர்ந்த அன்றைக்குச் செந்தில் பேசினான். "வூடு சூப்பரும்மா. எல்லாம் நல்லாருக்கு."

எனக்கு அந்தப் பேச்சு ருசிக்கவில்லை. வேலையில் நான் கண்டது ஒன்று உண்டு. குறை சொல்கிற கெஸ்ட் மறுபடி வருவார். எல்லாம் நல்லாருக்கு என்று சிரித்துவிட்டுப் போகிறவர் அடுத்த தடவை டவுனில் லாட்ஜ் பார்த்துக்கொள்வார். ஆனாலும் மகனாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, நான் சாயங்காலக் காப்பிக்குப் பாலை அடுப்பில் வைக்கும்போது போன் அடித்தது. அங்கே அப்போதுதான் உச்சிப் பொழுது. கவிதா. கல்யாணம் ஆனதிலிருந்து அவளாக எனக்குப் போன் போட்டதே இல்லை. பயந்துபோய் எடுத்தேன்.

"என்னம்மா, புள்ளைங்களுக்கு ஒண்ணும் இல்லியே?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல அத்த. நாந்தான் மொத நாளே வழுக்கி வுழுந்து முட்டி வீங்கிக் கெடக்கேன். நடக்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு. அவரு புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுக் காலையிலயே போயிட்டாரு."

"அப்ப வூட்டுல?"

"நான் மட்டுந்தான். அத்த, கோவிச்சுக்காதீங்க. காலையிலேர்ந்து லைட்டப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கேன்" என்றாள்.

"ஏன், கரண்டு சரியா வரலியா?"

"கரண்டெல்லாம் நல்லா வருது. வெயிலுதான் வரல. பின்னாடி மலை மொத்தமா மறைக்குது. நம்ம வூட்டுக் கூரையில பனி கட்டை மாதிரி நிக்கிது. எதுத்த சரிவுல அந்தக் கண்ணாடி வூட்டு மேல வெயிலு தகதகன்னு அடிக்குது. அதுல ஒருத்தி நாற்காலியப் போட்டுக்கிட்டு, கைய நீட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கா. பாக்கப் பாக்க வயித்தெரிச்சலா வருது அத்த."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பெரம்பலூர்ல பொறந்தவ வெயிலுக்கு அழுவுறியேடி!"

"ஆமா. வெங்காயம் காயப்போடற களத்துல நின்னு கறுத்தவ நானு. ஒரு வருசம் வந்து இங்க இருந்து பாருங்க, நீங்களும் அழுவீங்க" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"செந்தில் சூப்பரா இருக்குன்னானே?"

"அவரு வெளிச்சத்துல போயி இருட்டுல வராரு. வந்ததும் சாப்ட்டுப் படுக்குறாரு. அவருக்கு வூடு எப்படி இருந்தா என்ன அத்த?"

"வேற எடம் மாற முடியாதா?"

"லீவு நாளு. எல்லா வூட்டுலயும் ஆளு." பிறகு அவளே, "அங்க இப்ப வெயில் இருக்கா அத்த? கொஞ்சம் காட்டுங்களேன்" என்றாள்.

அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். பங்குனி வெயில் தெருவைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. நாய்கூட வெளியே இல்லை. போனைக் காம்பவுண்டுச் சுவர்மேல் சாய்த்து வைத்தேன். தெருவும், எதிர்வீட்டுத் தகரக் கூரையும், கொடியில் என் புடவையும் அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் நிழலில் நின்றேன். போன் சூடேறித் தானாக அணைந்துபோகும் வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதன்பிறகு அவர்கள் அங்கே இருந்த வரைக்கும் தினமும் காப்பி நேரத்துக்குப் போன் வந்தது. முட்டி வலி, ஆபீசில் பேச ஆளில்லாதது, மித்ரா தமிழில் பதில் சொல்ல மறுப்பது, எல்லாம் சொன்னாள். நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன். ஒரு நாள் வேலை எதுவும் இல்லாமல் வெறுமனே கேட்டேன்.

செந்திலை ஒரு பிடி பிடித்தேன். "வூடு இருட்டா இருக்குன்னு ஏன்டா சொல்லல?"

"நீ ஆசையா பாத்துக் குடுத்தம்மா. மனசு கஷ்டப்படுமேன்னுதான்..."

"நீ என்ன எனக்கு கெஸ்ட்டா? கெஸ்ட்டுதான்டா மூஞ்சிக்கு நேரா நல்லாருக்குன்னுட்டுப் போவான். புள்ள சண்ட போடணும்."

"சரிம்மா. வூடு படு மோசம். ஷூ வைக்கிற ரூமு மட்டுந்தான் உருப்படி" என்றான். எனக்கு மனசு லேசாகிவிட்டது.

5. ரூம் கொடுக்க வருகிற பிள்ளைகளுக்கு

அவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். கவிதாவுக்கு முட்டி சரியாகி ஆபீஸ் போகிறாள். காப்பி நேரத்துப் போன் நின்றுவிட்டது. அவள்மேல் குற்றமில்லை, அந்த நேரத்தில் அவள் வேலையில் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமைப் போனில் செந்தில் இப்போதெல்லாம் எதையாவது குறை சொல்கிறான். மற்ற நாட்களில், பால் பொங்குகிற நேரத்துக்கு என் கை தானாகப் போன் பக்கம் போகிறது.

கெஸ்ட் ஹவுஸ், லாட்ஜ், ஹோட்டல் என்று வேலைக்கு வருகிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். வெயில் வேண்டுமா நிழல் வேண்டுமா என்பது ஊருக்கு ஊர் மாறும், அதில் நான் கற்றது அரியலூரோடு சரி. எத்தனை பேர் தங்குகிறார்கள் என்று எல்லோரும் கேட்கிறோம். மற்றவர்கள் வெளியே கிளம்பிப் போன பிறகு உள்ளே யார் இருக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். ரூமை அந்த ஆளுக்குப் பாருங்கள்.

அந்த மலை வீட்டிலிருந்து கடைசி நாள் பேசும்போது கவிதாவிடம் இதைத்தான் சொன்னேன். அவள், "அப்ப ஒங்களுக்கு எப்படி ரூமு வேணும் அத்த?" என்று கேட்டாள்.

என்ன விதமான கெஸ்ட் வந்தாலும் ரூமைக் கையைக் காட்டிச் சொல்லியிருக்கிறேன். எனக்கென்று ஒரு ரூம் பார்த்ததே இல்லை.

"யோசிச்சிச் சொல்றேம்மா" என்றேன்.

இன்னும் சொல்லவில்லை.