குவாரிக் கல்லில் தெரிந்த ஆதி உயிர்

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. எங்களுடையது ஆந்திராவில் நகரிக்குப் பக்கத்தில் ஒரு தமிழ் விவசாயக் குடும்பம். நான் கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு, அமெரிக்க விசாவுக்காக வீட்டில் காத்துக்கொண்டிருந்தேன். என் தங்கை திருப்பதியில் நிலவியல் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தாள். திருப்பதியில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்த காலம் அது. அந்த நேரத்தில் ஒரு பெண் கல்லைப் படிக்கிறேன் என்றால் வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பூமியில் உயிர் தோன்றிய ஆரம்ப காலத்துத் தடயங்கள்தான் அவளுடைய ஆய்வு. கடப்பா மலைகளில் அப்படிப்பட்ட கற்கள் உண்டு. ஆனால் உள்ளமைப்பு தெளிவாகத் தெரிகிற ஒரு நல்ல மாதிரி அவளுக்கு வேண்டியிருந்தது. தோழிகளோடு இரண்டு முறை போய் வெறுங்கையோடு திரும்பினாள். அடுத்த முறை கூட வர யாருமில்லை.

"இதான் கடைசி. அண்ணன கூட்டிக்கினு போ. கெடைக்கலன்னா கம்ப்யூட்டர் க்ளாஸ்ல சேந்துடணும்" என்றார் எங்கள் நைனா, அதாவது அப்பா. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "போற வழியிலயே பேசி அவ மனச மாத்திடு" என்றும் சொன்னார்.

திருப்பதியில் கடப்பா பஸ் ஏறியதும் நான் ஆரம்பித்துவிட்டேன். பெங்களூர், சம்பளம், வெளிநாடு எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவள், "அண்ணா, நீ அங்க போய் இன்னா வேல செய்யப் போற?" என்றாள்.

"ரெண்டாயிரம் வருஷம் பொறக்கப்போவுதில்ல? புரோகிராம்ல ரெண்டு இலக்கத்துல இருக்கற வருஷத்த நாலு இலக்கமா மாத்தணும்."

அவள் சிரித்துவிட்டாள். "நான் தேடற கல்லோட வயச எழுத பத்து இலக்கம் வேணும்ணா."

பெங்களூர் பேச்சை அதோடு விட்டுவிட்டேன்.

இன்னொரு பஸ் மாறி, ஒரு மலையடிவாரத்தில் இறங்கினோம். வறண்ட ஓடை ஒன்றின் கரையோடு நடந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. பாறைகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் யானைத்தோல் மாதிரி சொரசொரவென்று இருந்தன. நான் எலும்பையோ சிப்பியையோ தேடிக்கொண்டிருந்தேன். அதெல்லாம் அந்தக் காலத்தில் உண்டாகவே இல்லை என்றாள் அவள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் ஆழமில்லாத கடலில் பாசிபோலப் படரும். மேலே வண்டல் வந்து படியும். அதன் மேல் மறுபடியும் படரும். அப்படி அடுக்கடுக்காக வளர்ந்தது கல்லாகிவிடும். அதைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்.

மத்தியானம்வரை கிடைத்தவை எல்லாம் தேய்ந்துபோன மேடுகள்தான். சுத்தியலால் அடித்தால் சில்லுதான் தெறித்தது. "உள்ள தெரிஞ்சாதான் சொல்ல முடியும். இது வெறும் கல்லாகூட இருக்கலாம்" என்று தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவளைச் சமாதானம் செய்வதா, நைனா சொன்னபடி பேச்சை எடுப்பதா என்று எனக்குப் புரியவில்லை.

ஓடை ஒரு குவாரியின் அடியில் எங்களைக் கொண்டுபோய் விட்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. எங்கோ விசில் ஊதியது. ஆடு மேய்ப்பவர் யாரோ என்று நினைத்தேன். அடுத்த நொடி, மேலேயிருந்து ஒரு பெண் சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டு, "ரண்டி, ரண்டி!" என்று தெலுங்கில் எங்களை வரச்சொல்லிக் கத்தியபடி ஓடிவந்தார். தங்கை குனிந்து எதையோ அளந்துகொண்டிருந்தாள். அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடினார். நானும் ஓடினேன். ஒரு லாரியின் பின்னால் போய் விழுந்தோம்.

குவாரியில் பாறைக்கு வைத்த வெடி வெடித்தது. காலடியில் பூமி குலுங்கியது. தூசி அடங்கிப் பார்த்தால், தங்கை குனிந்திருந்த இடத்தில் உரல் அளவுக்கு ஒரு பாறை கிடந்தது.

அந்தப் பெண் தெலுங்கில் திட்டித் தீர்த்தார். தங்கை என்னிடம், "அண்ணா, பைய அங்கியே வுட்டுட்டேன்" என்றதும் அவர் சட்டென்று நிறுத்தினார்.

"அட, தமிழா? நான் சத்தியவேடு பக்கம்தான்மா. அங்க வேல இல்லன்னு குடும்பத்தோட இங்க வந்துட்டோம். உசுரு போயிருந்தா பையி இன்னாத்துக்கு?"

ஆபத்தில்லை என்று மறு விசில் ஊதிய பிறகு பையை எடுக்க இறங்கினோம். உருண்டு வந்திருந்த அந்தப் பாறை நடுவில் பிளந்து கிடந்தது. தங்கை அப்படியே நின்றாள். என் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, மிச்சமிருந்த தண்ணீரை பிளந்த அந்தப் புதுப் பக்கத்தின் மேல் மெதுவாக ஊற்றினாள்.

தூசி வழிந்து போக, கோடுகள் எழுந்து வந்தன. முடியளவு மெல்லிய கோடுகள். கவிழ்த்த கிண்ணங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது போல, வளைந்து வளைந்து, தூண் தூணாக மேலே ஏறிப்போயின. அந்த நுண்ணுயிர்கள் வெளிச்சத்தைத் தேடி வளர்ந்தது பார்க்கும்போதே தெரிந்தது. அவள் விரலால் ஒரு கோட்டைத் தொட்டாள். கண்ணீர் வந்தது.

வேலையாட்கள் கூடிவிட்டார்கள். "இன்னாம்மா இது, கோலம் போட்ட மாதிரி கீது?" என்றார் அந்தப் பெண்.

"உயிர் இருந்த தடம்க்கா. மனுசன், மாடு, மரம், மீன் எதுவும் இல்லாதப்ப இதுங்கதான் இருந்துச்சுங்க. நாம இழுக்கற மூச்சுக்கு வேண்டிய காத்த மொதல்ல உண்டாக்கனது இந்த மாதிரி உசுருங்கதான்."

அவர் லாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "இத்தயா நாங்க தெனமும் ஒடச்சி லாரில ஏத்திக்கினு கீறோம்?" என்றார். வெயிலில் தண்ணீர் காய, கோடுகள் மெல்ல மங்கின. குவாரி மேஸ்திரி ஆள்விட்டு, தூக்கக்கூடிய அளவுக்கு ஒரு துண்டை உளியால் பெயர்த்துக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அதை நான்தான் மடியில் வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் பேச்சை எடுக்கவே இல்லை. வீட்டில் நைனா கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படிச்சி முடி" என்றார்; அவ்வளவுதான்.

எனக்கு விசா வந்தது, போனேன். அவள் முனைவர் பட்டம் வாங்கி, இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். உலகில் இதைவிடப் பழைய தடயங்களும் உண்டு என்று அவளே பிறகு சொன்னாள். இருக்கட்டும். உயிர் எவ்வளவு பழையது என்பதையும், முன்பின் தெரியாத ஒருவரின் கைப்பிடியில் அது தப்பிப் பிழைப்பதையும் ஒரே மத்தியானத்தில் பார்த்துவிட்டேன். அதன் பிறகு எந்த உயிரையும் என்னால் அற்பமாக நினைக்க முடியவில்லை.