இது எந்த ஊர் ஓடை

சங்கரன்கோவிலில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுத்துப் பிழைக்கிறேன். என் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓடை. மழைத் தண்ணீர் அதன் வழியாகத்தான் குளத்துக்குப் போக வேண்டும். போன வருஷம் பக்கத்து இடத்துக்காரர் லாரி லாரியாக இடித்த கட்டடக் கல்லைக் கொட்டி அதை மனையாக்கத் தொடங்கினார். ஐப்பசி மழைக்குத் தண்ணீர் திரும்பி எங்கள் தெருவுக்குள் வந்தது. அடுப்படியில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுதான் அன்றைக்குச் சமைத்தேன்.

கேமராவில் படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, மனுவோடு தாலுகா அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அலுவலகத்தில் இருந்தவர் புரட்டிப் பார்த்தார்.

"இது எந்த ஊரு ஓடைன்னு யாரு கண்டா? எங்கனயாவது எடுத்துட்டு வந்து நீட்டுதீங்க."

இடத்துக்காரரும் அங்கேதான் நின்றார். வாய்விட்டுச் சிரித்தார். நான் படங்களை வாரிக்கொண்டு வெளியே வந்தேன். அடங்கிப் போவதற்காக அல்ல.

என் கேமராவில் ஜிபிஎஸ் கிடையாது. ஆனால் போனில் ஒரு ஆப்பை ஏற்றி, ப்ளூடூத்தில் இரண்டையும் இணைத்துவிட்டால், போன் தான் இருக்கும் இடத்தைக் கேமராவுக்குச் சொல்லும். ஒவ்வொரு படத்துக்குள்ளும் அந்த இடம் பதிந்துவிடும்; படத்தின் நகலும் உடனே போனுக்கு வந்துவிடும். கல்யாண மண்டபத்துக்கு அது எதற்கு என்று நான் தொட்டதே இல்லை.

"போன்லயே எடுக்க வேண்டியதானக்கா?" என்றாள் தங்கை.

"லாரி நம்பரு தெரியணும்லா? அவ்வளவு தூரத்துக்கு என் லென்ஸ்தான் எட்டும்."

முதல் நாள் எடுத்த படங்களில் இடம் பதியவே இல்லை. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போன் அந்த ஆப்பை நிறுத்தியிருந்தது. அதைச் சரிசெய்து மறுபடி போனேன். லாரி கொட்டிக்கொண்டிருந்தபோது இடத்துக்காரர் வேகமாக வந்தார்.

"படம் எடுக்காதன்னா கேக்க மாட்டியா? கேமராவப் புடுங்கிருவேன்."

"புடுங்குங்க. படம் போன்லயும் ஏறிட்டு."

அவர் முகத்துக்கு நேரே அடுத்த படத்தையும் எடுத்தேன்.

இந்த முறை லேப்டாப்போடு அலுவலகம் போனேன். படத்தைத் திறந்து, வரைபடத்தைக் காட்டினேன். சிவப்புப் புள்ளி என் வீட்டுக்குப் பின்னால் போய் நின்றது.

"இப்பச் சொல்லுங்க சார், இது எந்த ஊரு?"

அந்த வாரமே ஓடையை அளக்க ஆள் வந்தது. பாதிக் கல்லை அள்ளினார்கள். மீதி அப்படியே கிடக்கிறது. பகை எதற்கு, இதோடு விடு என்று தெருவில் பலரும் சொல்கிறார்கள். நான் கேமராவைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

"இன்னும் எத்தன தடவ அலைவக்கா?" என்றாள் தங்கை.

"கல்லு கிடக்குத வரைக்கும்."